பீரோ கதவில் ஒட்டிய ஜெர்மனி

எங்கள் வீட்டுக்காரருக்கு எதையும் எழுதி வைத்தால்தான் நிம்மதி. சுரங்கத்தில் ஷிப்ட் முடியும்போது, அடுத்து வருகிறவருக்கு மெஷின் நிலவரத்தை நோட்டில் எழுதி வைத்துவிட்டு வருவது அவர் வேலையில் ஒரு பகுதி. எந்த பேரிங் சூடாகிறது, பெல்ட் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று எல்லாம் அதில் இருக்கும். அதனால் நான் ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்கிற பேச்சு வீட்டில் எழுந்தபோது, மனுஷன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பழைய காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தார். பின்பக்கம் ஸ்கேல் வைத்து நடுவில் கோடு போட்டார். இடது பக்கம் 'போகலாம்', வலது பக்கம் 'இருக்கலாம்' என்று தலைப்பு எழுதி, ஹாலில் நிற்கிற பீரோவின் கதவில் டேப் போட்டு ஒட்டினார்.

"யாருக்கு எது தோணுதோ அதுல எழுதுங்க. மனசுல வச்சிக்கினு மூஞ்ச தூக்கி வச்சிக்கினு திரியக் கூடாது" என்றார்.

இது யாருக்குச் சொன்னது என்பதில் சந்தேகமே இல்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது எங்கள் பிளாக்கில் பால் ஊற்றுகிறவர் வரைக்கும் தெரியும். வீட்டில் இருந்தது மூன்று பேர். அவர், நான், ஒன்பதாவது படிக்கிற எங்கள் பெண்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். மந்தாரக்குப்பத்தில் ஒரு தனியார் நர்ஸிங் ஹோமில் நான் நர்ஸ். பதினைந்து வருஷமாக கான்ட்ராக்ட். வருஷத்துக்கு ஒரு முறை ஒரு தாளை நீட்டுவார்கள். அன்றைக்குத்தான் புதிதாகச் சேர்கிற மாதிரி கையெழுத்துப் போட வேண்டும். நெய்வேலியில் இது சின்ன விஷயம் இல்லை. இங்கே ஒரு ஆளைப் பற்றி முதலில் கேட்பதே 'பெர்மனன்ட்டா, கான்ட்ராக்ட்டா' என்றுதான். கல்யாணப் பேச்சில் ஜாதகத்தைக்கூட அதற்கு அப்புறம்தான் பிரிப்பார்கள். அவர் பெர்மனன்ட், நான் கான்ட்ராக்ட். ரேஷன் கார்டில் எழுதாததுதான் பாக்கி.

நாற்பது வயதைத் தொட்டபோது எனக்கு ஒரு வீம்பு வந்தது. என்னோடு படித்த ஒருத்தி ஜெர்மனியில் இருந்து போன் பண்ணி, அங்கே நர்ஸ்களுக்கு ஆள் தேடுகிறார்கள், பாஷை மட்டும் படித்துவிடு என்றாள். படித்தேன். இரண்டு வருஷம், காலையில் இட்லி வெந்துகொண்டிருக்கும்போது போனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு ஆன்லைன் கிளாஸ். கூடப் படித்த வெளிநாட்டுக்காரிகள் எல்லாம் வாக்கியத்தின் கடைசியில் வினைச்சொல் வருகிறதே என்று புலம்பினார்கள். நமக்கு அதில் என்ன கஷ்டம், பிறந்ததிலிருந்து அப்படித்தானே பேசுகிறோம். சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதினேன். பாஸானேன். சந்தோஷத்தில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மாவுக்கு நான்கு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம்தான் பீரோ கதவு.

முதல் வரியை அவரே எழுதினார். 'இருக்கலாம்' பக்கத்தில், கட்டம் கட்டி: 'வேலை. நெலத்துக்குக் கெடச்சது.' அதற்கு மேல் விளக்கம் எழுதவில்லை. தேவையும் இல்லை. அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவர்கள் நிலம் சுரங்கத்துக்குப் போனது. அதற்குத்தான் இந்த வேலை. நான் முதலில் போய், பெண்ணின் பத்தாவது பரீட்சை முடிந்ததும் இவர்களும் வருவதென்றால், அவர் அந்த வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். நிலமும் போய், நிலத்துக்கு வந்ததும் போய், வெறுங்கையாக நிற்பதா என்பதுதான் அந்த ஒரு வரி.

நான் பதிலுக்கு இடது பக்கத்தில் 'நான்' என்று மட்டும் எழுதினேன். அப்போதிருந்த கோபத்தில் வேறு வார்த்தை வரவில்லை.

இரண்டு நாளில் அந்தத் தாள் ஊர்ச் சொத்தாகிவிட்டது. கறிவேப்பிலை கேட்டு வந்த எதிர்வீட்டு அக்கா முதலில் பேனாவை எடுத்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருஷம் ஆகியும் பேச்சு மட்டும் பஸ் ஏறி வரவில்லை. 'நல்ல மீன் கெடைக்காது' என்று வலது பக்கத்தில் எழுதினாள்.

"மீன் எல்லாம் கெடைக்குமாம்க்கா, ஐஸ் பெட்டில" என்றேன்.

"ஐஸ்ல கெடக்குறதுல்லாம் மீனாடீ?" என்று கேட்டுவிட்டு, சுற்றும்முற்றும் பார்த்து, இடது பக்கத்தில் சின்ன எழுத்தில் 'மாமியார் அடிக்கடி வர முடியாது' என்றும் எழுதிவிட்டுப் போனாள். என் மாமியாரை மனதில் வைத்தா, தன் மாமியாரை மனதில் வைத்தா என்று கேட்டதற்குச் சிரித்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

சேத்தியாத்தோப்பில் இருந்து என் அம்மா போனில் கேட்டது வேறு. "ஏம்மா, அங்க வெயிலே அடிக்காதாமே. துணி எப்டிம்மா காயும்?" அதுவும் வலது பக்கத்தில் ஏறியது. கரண்ட் போகாதது, வாசல் மாமரம், பள்ளிக்கூடத்துக்குப் பெண் சைக்கிளிலேயே போய் வருவது, ரோட்டில் வண்டி நெரிசல் இல்லாதது, பின்பக்க வராந்தாவில் சாயங்காலம் அடிக்கிற காற்று என்று வலது பக்கம் இறங்கிக்கொண்டே போனது. என் பெண் இடது பக்கத்தில் 'பனி' என்று எழுதினாள். போனில் குளிர் எத்தனை டிகிரி என்று பார்த்துவிட்டு வந்து, வலது பக்கத்திலும் 'பனி' என்று எழுதினாள்.

'போகலாம்' பக்கத்தில் வெயிட் ஏறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு வேலை கொடுக்க மூன்று ஊர் ஆஸ்பத்திரிகள் பேசிக்கொண்டிருந்தன. அவர் போனில் மேப்பைத் திறந்து, மேலிருந்து எடுத்த படத்தில் ஒவ்வொரு ஊராகப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து உட்கார்ந்தார்.

"இங்க பாரேன். இந்த ஊருக்குப் பக்கத்துல மைன்ஸு."

பார்த்தேன். ஊரை ஒட்டிப் பழுப்பாக, படிப்படியாக வெட்டின பெரிய பள்ளம். அச்சு அசல் நம் ஊர்ப் பள்ளம். அவருக்குக் கை கால் ஓடவில்லை. அவர் ஓட்டுகிறது பெரிய சக்கரத்தில் வாளி வாளியாக மண்ணை வாருகிற மெஷின். அதன் உடம்பு பூராவும் ஜெர்மன் எழுத்து. படிக்கத் தெரியாமலேயே எந்த எழுத்து எந்த சுவிட்ச் என்று தெரியும். "நம்ம மெஷினோட தாய்வீடே அதானே. கண்ண மூடிக்கினு ஓட்டிருவன்" என்றார். 'மைன்ஸ் இருக்கு' என்று இடது பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டார். மற்ற இரண்டு ஊர்களுக்கும் வேண்டாம் என்று மெயில் அனுப்பிவிட்டேன். அதில் ஒன்று பெரிய நகரம். உலகத்திலேயே ஒரு ஊரைப் பழுப்பு நிலக்கரிக்காகத் தேர்ந்தெடுத்த நர்ஸ் நானாகத்தான் இருப்பேன்.

இன்டர்வியூ வீடியோவில் நடந்தது. அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் நான், நல்ல காட்டன் புடவையில். கேமராவுக்குத் தெரியாமல் பீரோ ஓரத்தில் லுங்கியோடு அவர். எல்லாம் நன்றாகவே போனது. புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மாத்திரை கொடுப்பது, ராத்திரி டியூட்டி என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில் தலைமை நர்ஸ் அம்மா, உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றாள். நான் ஒரு வாரமாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததைக் கேட்டேன். உங்கள் ஊர்ச் சுரங்கத்தில் எத்தனை ஷிப்ட், ஆபரேட்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று.

மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அந்த அம்மா ரொம்ப மரியாதையாக, சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் சொன்னாள். நான் நன்றி சொல்லி லேப்டாப்பை மூடினேன்.

"என்ன சொன்னாங்க?" என்று பீரோ பக்கத்திலிருந்து வெளியே வந்தார்.

"அதை மூடி சில வருஷம் ஆச்சாம்ங்க. நம்ம பாத்தது பழைய படமா இருக்கும். இப்ப பூரா தண்ணி வுட்டுட்டாங்களாம்."

அவர் முகம் வெளிறிவிட்டது. எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் அடியில் இருக்கிற தண்ணீர் மேலே வந்துவிடாமல் இருக்க, ராப்பகலாகப் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றால் என்ன ஆகும் என்பது அங்கே வேலை செய்கிற ஒவ்வொருத்தருக்கும் தெரியும்.

"தண்ணி வந்துருச்சா? பம்ப் ஹவுஸ்ல யாரு ட்யூட்டி?" என்றார்.

என் பெண் தரையில் உருண்டு சிரித்தாள். எனக்கு வயிறு வலித்து, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். வேண்டுமென்றே ஏரியாக்கி இருக்கிறார்கள், ஜனங்கள் அதில் நீந்துகிறார்கள், படகு விடுகிறார்கள் என்று நான் மூச்சு வாங்கிச் சொல்லி முடித்தபோது அவரும் சிரித்தார். ஆனாலும் அன்றைக்குப் பூராவும் இடையிடையே, "நல்ல மைன்ஸ்ல போயி தண்ணிய வுட்டுட்டானுங்களே" என்று முனகிக்கொண்டிருந்தார். சாயங்காலம் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். இடது பக்கம் மறுபடியும் இளைத்துப் போனது.

பத்து நாளில் மெயில் வந்தது. என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், ஒப்பந்தத்தைச் சீக்கிரம் அனுப்புவோம், பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று. நர்ஸிங் ஹோமில் ஒருத்தியிடம்தான் சொன்னேன். எங்கள் ஊரில் ஒருத்தியிடம் சொன்னால் போதும்.

அடுத்த சனிக்கிழமை வாசலில் ஒரு இளஞ்ஜோடி. பையன் கையில் அளக்கிற டேப்.

"அக்கா, நீங்க காலி பண்றீங்கன்னாங்க. எங்களுக்கு இந்த டைப் குவார்ட்டர்ஸ்தான் அடுத்து வரணும். ஒரு தடவ பாத்துட்டுப் போயிரலாம்ங்களா?" என்றது அந்தப் பெண்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இங்கே இது வழக்கம்தான். ஒரு வீடு காலியாகப் போகிறது என்று காதில் விழுந்தால், வரிசையில் நிற்கிறவர்கள் வந்து பார்ப்பார்கள். நாங்களும் இந்த வீட்டை அப்படி வந்து பார்த்தவர்கள்தான். ஆனால் நான் இன்னும் முடிவே பண்ணவில்லை. அதற்குள் ஜன்னலை அளக்க வந்துவிட்டார்கள். "யாரு சொன்னது காலி பண்றம்னு?" என்று நறுக்கென்று கேட்டேன். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. எட்டு மாசமாவது இருக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள். அப்புறம் என்ன, உள்ளே வரச் சொல்லி மோர் கொடுத்தேன்.

கொடுத்தது மோர் மட்டும் இல்லை. வாயும் சும்மா இருக்கவில்லை. இந்த ரூமில் மதியம் வெயில் வராது, குழந்தைக்கு இங்கே தூளி கட்டு. பின்பக்க வராந்தாவில் சாயங்காலம் காற்று அள்ளிக்கொண்டு போகும். மாமரம் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் காய்க்கும், திட்டாதே என்று வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினேன். அவள் புருஷன் தங்கள் பீரோ நிற்குமா என்று எங்கள் பீரோவை அளந்தான். அவள் கதவில் இருந்த தாளைப் படித்தாள். நிதானமாக, மேலிருந்து கீழ் வரைக்கும் படித்தாள்.

"அக்கா, 'இருக்கலாம்' பக்கத்துல இருக்கறது முக்காவாசி இந்த வூட்டோட சேந்ததுங்க. மரம், காத்து, கரண்டு எல்லாம். நீங்க போனா இது எங்களுக்கு வந்துடும், இல்லீங்களா?" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. ஆசையாகச் சொன்னாள்.

அவர்கள் போன பிறகு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சொன்னது நிஜம். இது கம்பெனி வீடு. அவர் அறுபது வயதில் ரிடையர் ஆகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மாமரத்தை மடியில் கட்டிக்கொண்டு போக முடியாது. இந்த டவுன்ஷிப்பில் யாருமே கடைசி வரைக்கும் இருப்பதில்லை. நாங்கள் என்னவோ இல்லாத வேரைக் காப்பாற்றுகிறோம் என்று தாள் ஒட்டி எழுதிக்கொண்டிருந்தோம். வலது பக்கத்தில் மிஞ்சுவது மீனும் துணியும், அவர் கட்டம் கட்டிய முதல் வரியும்தான்.

மத்தியானம் அவர் வந்ததும் இதைச் சொன்னேன். அவர், "அவசரப்பட வேணாம். ஒரு வருஷம் கழிச்சி பாத்துக்கலாமான்னு அவங்கள கேளு" என்றார்.

அவ்வளவுதான், பதினைந்து வருஷமும் வாயில் வந்துவிட்டது. "ஒரு வருஷம் கழிச்சி நான் மறுபடியும் அந்தத் தாள்ல கையெழுத்துப் போடணும். புதுசா சேர்ற மாதிரி. உங்களுக்குத் தெரியாது. நீங்க பெர்மனன்ட்டு. நான் ஆஸ்பத்திரியிலயும் கான்ட்ராக்ட்டு, இந்த வூட்லயும் கான்ட்ராக்ட்டு. உங்க வேல போயிருமேன்னு கட்டம் கட்டி எழுதினீங்களே, எனக்குப் போறதுக்கு ஒரு வேல இருக்குதான்னு யாராச்சும் யோசிச்சீங்களா?"

அவர் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்தார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

மறுநாள் காலையில், "கெளம்பு, ஒரு எடத்துக்குப் போயிட்டு வரலாம்" என்று வண்டியை எடுத்தார். ஊருக்கு வெளியே சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடு தெரிகிற ரோட்டோரத்தில் நிறுத்தினார். மேட்டின் மேல் மரம் வைத்து வளர்த்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைக் குன்று. கல்யாணமான புதிதில் நான் அதை நிஜ மலை என்றே நினைத்திருந்தேன்.

"எங்க நெலத்த வெட்டுனப்ப நான் எட்டாவதா படிச்சிக்கினு இருந்தன்? இல்ல, ஏழாவது" என்றார். தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். "மல்லாட்ட போட்டு கடல எடுத்த மண்ணு. அதெல்லாம் அந்த மேட்டுலதான் எங்கியோ கெடக்குது. எது எங்களுதுன்னு எனக்கே தெரியாது. நாமதான் எடத்த வுட்டு எப்படிப் போறதுன்னு ஒக்காந்து எழுதிக்கினு இருக்கறம். நெலம் எப்பவோ கெளம்பிப் போயி, மேல ஏறி ஒக்காந்து, மரமும் வச்சிக்கினு ஜம்முனு இருக்குது."

அவர் தோளில் கை வைத்தேன். ரோட்டோரத்தில் பலாப்பழம் விற்றவரிடம் சுளை வாங்கி, வண்டியில் சாய்ந்துகொண்டே இரண்டு பேரும் தின்றோம். போகலாம் என்றும் அவர் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

புதன்கிழமை ஒப்பந்தம் வந்தது. அவர் மத்தியான ஷிப்ட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது, பெண் பள்ளிக்கூடத்தில். ஒன்பது பக்கம். லேப்டாப்பில் ஒவ்வொரு வரியாகப் படித்து அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். லீவு இத்தனை நாள், டியூட்டி இத்தனை மணி நேரம். இரண்டாம் பக்கத்தில் ஒரு வார்த்தையில் நின்றுவிட்டேன். 'உன்பெஃப்ரிஸ்டெட்'. அர்த்தம் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான்.

"என்னா, ஏதாச்சும் வில்லங்கமா?" என்றார்.

"இல்லீங்க. வேலைக்குக் காலக்கெடு எதுவும் கெடையாதுன்னு போட்டுருக்குது. மொதல்ல ஆறு மாசம் பாப்பாங்களாம். அதுக்கப்புறம்..." அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். "பெர்மனன்ட்டுங்க."

அவர் திரையைப் பார்த்தார். அந்த வார்த்தை எது என்று விரலால் காட்டச் சொன்னார். காட்டினேன். மெஷினில் சுவிட்ச் எழுத்தைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார். எழுந்து சட்டையை மாட்டினார், வண்டியை எடுத்தார், போய்விட்டார். கோபமா, வருத்தமா, ஒன்றும் புரியவில்லை.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். ஹேண்டில் இரண்டு பக்கமும் பை. உள்ளே அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக மைசூர்பாகு. எங்கள் ஊரில் ஒருத்தருக்கு பெர்மனன்ட் ஆனால், அந்த வீட்டு ஆள் தெரு முழுக்க ஸ்வீட் கொடுக்க வேண்டும். அவருக்கு ஆனபோது அவர் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ வீட்டு ஸ்வீட்டை நான் வாங்கித் தின்றிருக்கிறேன். ஒரு நாள்கூட இனிப்பாக இருந்ததில்லை.

வண்டியை நிறுத்திவிட்டு அவர் வீட்டுக்குள் வரவில்லை. நேராக எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஸ்வீட் எடுத்துக்குங்கக்கா. எங்க வூட்ல பெர்மனன்ட் ஆயிட்டாங்க."

அக்கா பெட்டியை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அது சரி. அப்பம் ஒங்க வேல?"

"பொண்ணு பத்தாவது முடிச்சதும் எழுதிக் குடுத்துருவன்" என்றார், அடுத்த வீட்டுக்கு நகர்ந்துகொண்டே. "வூட்டுக்கு ஒரு பெர்மனன்ட் போதுங்கக்கா."